ஆலோசனை யாருக்கு?

மயிலாடுதுறை வட்டாரத்தில் பண்ணையாட்களாக உழைத்த நம் தாத்தாக்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத இடம். பேரப்பிள்ளைகள் நாம் உள்ளே போனபோது, சாதி நமக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தது.

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல அரசு 2018இல் 14417 உதவி எண்ணைத் தொடங்கியது. ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போகாமல் நின்ற தலித் மாணவர், காரணத்தைப் பள்ளியில் சொன்ன பிறகு வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். இங்கே மனநோய் யாருக்கு?

அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும், சாதிப் பாகுபாட்டையும் அவர் கண்காணிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

தோழர்களே, ஆலோசகர் வேண்டும். அடிபட்ட பிள்ளைக்குப் பொறுமை போதிக்க அல்ல. வாய்திறந்த பிள்ளையைக் காக்க, அடித்தவரின் சாதித் திமிரைக் கேள்வி கேட்க. மயிலாடுதுறைப் பள்ளிகளிலும் இதையே கேட்போம்.