துளை இடங்குறிப்பு (கணினி வழி வடிவமைப்பு)

துளை இடங்குறிப்பு என்பது, கணினி வழி வடிவமைப்பில் ஒரு பாகத்தின் மீது இடப்படும் துளையின் மையம் எங்கே அமைய வேண்டும் என்பதை வடிவியல் உறவுகளாலும் அளவுகளாலும் வரையறுக்கும் முறை ஆகும். இவ்வுறவுகளும் அளவுகளும் வரைவுக் கட்டுப்பாடுகள் எனப்படுகின்றன. துளையின் மையத்தை வெறும் ஆயத்தொலைவு எண்களாகக் கொடுத்தாலும் முதல் முறை துளை சரியான இடத்திலேயே அமையும். ஆனால் பாகத்தின் நீளமோ துளையின் விட்டமோ பின்னர் மாறும்போது, எண்களால் குறிக்கப்பட்ட துளை பழைய இடத்திலேயே நின்றுவிடும். கட்டுப்பாடுகளால் குறிக்கப்பட்ட துளை, வடிவமைத்தவர் கருதிய உறவு குலையாமல் புதிய இடத்துக்கு நகரும். எனவே துளை எங்கே உள்ளது என்பதுடன், அது ஏன் அங்கே உள்ளது என்பதும் வரைவில் பதிவாகிறது.

இக்கட்டுரையில் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்தோடு தொடர்புடைய சல்லடைத் தகடு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

கட்டுப்பாடுகளைக் கொண்டு கணினியில் வரையும் கருத்தை ஐவன் சதர்லேண்ட் 1963-ஆம் ஆண்டு மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் செயற்படுத்திக் காட்டினார். ஸ்கெட்ச்பேட் எனப்பட்ட அவரது நிரல் டிஎக்ஸ்-2 என்னும் கணினியில் இயங்கியது. ஒளிப்பேனாவால் தோராயமாக வரைந்த கோடுகளை இணையாகவோ செங்குத்தாகவோ சம நீளமாகவோ ஆக்குமாறு பயனர் பணிக்கலாம். கணினி அந்நிபந்தனைகள் நிறைவேறும் வரை வரைவைத் திருத்தும். சதர்லேண்டுக்கு 1988-இல் டூரிங் விருது வழங்கப்பட்டது.

1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் முதலிய மென்பொருள்கள் வரைபலகையின் இடத்தைப் பிடித்தபோதும், அவற்றில் கோடுகள் நிலையான ஆயத்தொலைவுகளாகவே சேமிக்கப்பட்டன. சாமுவேல் கைஸ்பர்க் 1985-இல் தொடங்கிய நிறுவனம், புரோ-எஞ்சினியர் மென்பொருளின் வாயிலாக அளவுருசார் வடிவமைப்பைத் தொழில்துறைக்குக் கொண்டுவந்தது. 1995-இல் சாலிட்வொர்க்ஸ் அதே முறையை விண்டோஸ் கணினிகளில் பரவலாக்கியது. ஆட்டோகேட்டில் வடிவியல் கட்டுப்பாடுகள் அதன் 2010 பதிப்பில் சேர்க்கப்பட்டன. 2002-இல் முதலில் வெளியான கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட்டின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. உரிமக் கட்டணம் இல்லாததால் சிறு பட்டறைகளும் மாணவர்களும் இம்முறையை அதன் வழியே கற்க இயலும்.

சுதந்திர இயக்கக் கூறுகள்

தளத்தில் உள்ள ஒரு புள்ளி இரு திசைகளில் நகரலாம். ஆகவே அதற்கு 2 சுதந்திர இயக்கக் கூறுகள் உள்ளன. இரு முனைகள் கொண்ட ஒரு கோட்டுத்துண்டுக்கு 4 கூறுகளும், மையமும் ஆரமும் கொண்ட ஒரு வட்டத்துக்கு 3 கூறுகளும் உள்ளன. ஒவ்வொரு கட்டுப்பாடும் இவற்றுள் சிலவற்றை நீக்குகிறது.

- பொருந்துதல்: ஒரு புள்ளியை மற்றொரு புள்ளியின் மீது வைக்கிறது, 2 கூறுகளை நீக்கும்.
- கிடைமட்டம், நிலைக்குத்து, இணை, செங்குத்து: ஒவ்வொன்றும் 1 கூறினை நீக்கும்.
- தொடுதல், சமம்: ஒவ்வொன்றும் 1 கூறினை நீக்கும்.
- பொதுமையம்: இரு வட்டங்களின் மையங்களை ஒன்றாக்குகிறது, 2 கூறுகளை நீக்கும்.
- சமச்சீர்: இரு புள்ளிகளை ஓர் அச்சின் இருபுறமும் ஒத்த இடங்களில் வைக்கிறது, 2 கூறுகளை நீக்கும்.
- தொலைவு, ஆரம், கோணம் ஆகிய அளவுகள்: ஒவ்வொன்றும் 1 கூறினை நீக்கும்.

எல்லாக் கூறுகளும் நீங்கிய வரைவு முழுமையாக வரையறுக்கப்பட்டது எனப்படும். சாலிட்வொர்க்ஸில் அத்தகைய கோடுகள் கறுப்பு நிறத்திலும், வரையறுக்கப்படாதவை நீல நிறத்திலும் காட்டப்படுகின்றன. ஃப்ரீகேட்டில் முழுமையான வரைவு பச்சை நிறம் பெறும். தேவைக்கு மேல் கட்டுப்பாடு இட்டால் அது மிகைக் கட்டுப்பாடு ஆகும். அவை ஒன்றோடொன்று முரண்பட்டால் வரைவுக்குத் தீர்வே இராது.

எடுத்துக்காட்டு: ஏலக்காய்ச் சல்லடைத் தகடு

இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காயின் முதன்மைச் சந்தைகளுள் ஒன்று போடிநாயக்கனூர் ஆகும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. காயின் பருமன் விலையை முடிவு செய்யும் கூறுகளுள் ஒன்று. ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்க்கான அக்மார்க் தரவரிசையில் முதல் மூன்று தரங்கள் முறையே 7, 6, 5 மி.மீ. அளவைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன. சந்தையில் 8 மி.மீ. காய்க்குத் தனி மதிப்பு உண்டு. ஆகவே ஒரே சட்டத்தில் மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க, வெவ்வேறு துளை விட்டம் கொண்ட தகடுகள் சலிப்போருக்குத் தேவைப்படுகின்றன.

இத்தகைய தகட்டில் இருவகைத் துளைகள் உள்ளன. சட்டத்தோடு இணைக்கும் பொருத்து துளைகள் எந்தத் தகட்டிலும் இடம் மாறக் கூடாது. காய்களைப் பிரிக்கும் சலிப்புத் துளைகளோ விட்டத்துக்கு ஏற்ப இடம் மாறியே ஆக வேண்டும். இவ்விரண்டையும் ஒரே முறையில் இடங்குறித்தால் இரண்டில் ஒன்று தவறிப்போகும்.

பொருத்து துளைகள்

தகடு 900 மி.மீ. நீளமும் 600 மி.மீ. அகலமும் கொண்டது எனக் கொள்வோம். செவ்வகத்தின் நான்கு கோடுகளுக்கு 16 கூறுகள் உள்ளன. முனைகளை இணைக்கும் 4 பொருந்துதல்கள் 8 கூறுகளையும், கிடைமட்ட, நிலைக்குத்துக் கட்டுப்பாடுகள் 4 கூறுகளையும் நீக்கும். எதிரெதிர் மூலைகளை ஆதிப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீராக்கினால் மேலும் 2 கூறுகள் நீங்கும். எஞ்சிய இரண்டை 900, 600 என்னும் அளவுகள் நீக்குகின்றன. இனித் தகட்டின் நடு எப்போதும் ஆதிப்புள்ளியிலேயே இருக்கும்.

மூலைகளில் உள்ள 4 வட்டங்களுக்கு 12 கூறுகள் உள்ளன. 3 சமக் கட்டுப்பாடுகளும் ஒரு விட்ட அளவும் 4 கூறுகளை நீக்கும். மேல் இரு மையங்களையும், கீழ் இரு மையங்களையும் நிலைக்குத்து அச்சின் இருபுறமும் சமச்சீராக்கி, வலப்புற மையங்கள் இரண்டைக் கிடைமட்ட அச்சின் இருபுறமும் சமச்சீராக்கினால் மேலும் 6 கூறுகள் நீங்கும். மையங்களுக்கு இடையே 860, 560 என்னும் இரு அளவுகள் வரைவை நிறைவு செய்கின்றன. இடப்புற மையங்களுக்கும் சமச்சீர் கொடுப்பது இயல்பாகத் தோன்றினும் அது மிகைக் கட்டுப்பாடு ஆகும். முன்னைய மூன்றிலிருந்து அது தானே விளைகிறது.

860, 560 என்பவை சட்டத்தின் அளவுகள். அவை தகட்டின் விளிம்பிலிருந்து அளக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. பின்னாளில் தகட்டின் அகலம் 610 மி.மீ. ஆக்கப்பட்டாலும் பொருத்து துளைகள் நகரா. பழைய சட்டத்தில் புதிய தகடு பொருந்தும். விளிம்பிலிருந்து 20 மி.மீ. எனக் குறித்திருந்தால் அவையும் விளிம்போடு நகர்ந்து தகடு பயனற்றதாகியிருக்கும்.

சலிப்புத் துளைகள்

சலிப்புத் துளைகள் 60 பாகை முக்கோண அமைப்பில் இடப்படுகின்றன. அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடையே எஞ்சும் தகட்டுப் பகுதி பாலம் எனலாம். பாலம் மெலிந்தால் தகடு விரைவில் கிழியும். தடித்தால் திறந்த பரப்பு குறைந்து சலிப்பு மெதுவாகும். பாலம் 3 மி.மீ. இருக்க வேண்டும் என முடிவு செய்தால் வரைவில் இட வேண்டிய உறவு பின்வருமாறு:

மைய இடைத்தூரம் = துளை விட்டம் + 3 மி.மீ.

வரிசைகளின் இடைவெளி, மைய இடைத்தூரத்தைப் போல் 0.866 மடங்கு ஆகும். மூன்று அண்டைத் துளைகளின் மையங்களை இணைக்கும் துணைக்கோடுகளைச் சமமாக்கினால் இம்மடங்கு தானாகவே கிடைக்கும். எண்ணை எழுத வேண்டியதில்லை. விட்டத்தை மட்டும் மாற்றினால் கிடைக்கும் தகடுகள்:

- 5 மி.மீ. துளை: மைய இடைத்தூரம் 8 மி.மீ.; திறந்த பரப்பு 35.4%
- 6 மி.மீ. துளை: மைய இடைத்தூரம் 9 மி.மீ.; திறந்த பரப்பு 40.3%
- 7 மி.மீ. துளை: மைய இடைத்தூரம் 10 மி.மீ.; திறந்த பரப்பு 44.4%
- 8 மி.மீ. துளை: மைய இடைத்தூரம் 11 மி.மீ.; திறந்த பரப்பு 48.0%

இவ்வுறவு இல்லாமல் 10 மி.மீ. என்னும் எண்ணை மட்டும் கொடுத்து, 7 மி.மீ. தகட்டை 8 மி.மீ. தகடாக மாற்றினால், பாலம் 2 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். மென்பொருள் எவ்விதப் பிழையும் காட்டாது. திரையில் தகடு சரியாகவே தோன்றும்.

துளைகளின் எண்ணிக்கையும் இதனோடு மாறும். 800 மி.மீ. நீள வரிசையில் 10 மி.மீ. இடைத்தூரத்துக்கு 81 துளைகளும், 11 மி.மீ. இடைத்தூரத்துக்கு 73 துளைகளும் அமையும். பின்னதில் எஞ்சும் 8 மி.மீ. நீளம் இருபுறமும் நான்கு நான்காகப் பிரிய, வரிசையை நடு அச்சோடு சமச்சீராக்குதல் வேண்டும். ஆயிரக்கணக்கான வட்டங்களை ஒரே வரைவில் இட்டால் தீர்வு காண்பது மிக மெதுவாகும் என்பதால், முதல் சில துளைகளை மட்டும் வரைவில் கட்டுப்படுத்தி, மற்றவற்றை அடுக்குக் கட்டளையால் பெருக்குவதே வழக்கம்.

வட்டத்தில் அமையும் துளைகள்

கம்பம் கணவாய் வழியே வீசும் காற்றைப் பயன்படுத்தும் காற்றாலைகளின் கோபுரத் துண்டுகள், வட்டமாகத் துளையிட்ட விளிம்புகளைப் போல்ட்டுகளால் இணைத்து நிறுத்தப்படுகின்றன. குழாய், எக்கி விளிம்புகளிலும் இதே அமைப்பு உண்டு. இங்கு மையங்கள் அனைத்தும் ஒரு துணைவட்டத்தின் மீது பொருத்தப்பட்டு, சம கோணத்தில் பிரிக்கப்படுகின்றன.

150 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 12 துளைகள் எனின், அண்டை மையங்களின் நேர்த்தொலைவு 77.646 மி.மீ. ஆகும். இதை 77.6 எனச் சுருக்கி, ஒரு துளையிலிருந்து அடுத்த துளை என வரிசையாகக் குறித்துக்கொண்டே சென்றால், பன்னிரண்டாம் துளை தன் இடத்திலிருந்து ஏறத்தாழ 0.52 மி.மீ. விலகிவிடும். சம கோணக் கட்டுப்பாட்டில் இப்பிழை சேர்வதில்லை.

வரைவின் துல்லியமும் செய்பொருளின் துல்லியமும்

கட்டுப்பாடுகள் தரும் துல்லியம் கணித அளவிலானது. உண்மைத் தகட்டில் துளை எவ்வளவு விலகலாம் என்பதை, பட்டறைகளில் டாலரன்ஸ் எனப்படும் ஏற்கத்தக்க விலகலாகத் தனியே குறிக்க வேண்டும். இரு தகடுகளை எம்8 போல்ட்டால் இணைக்க 9 மி.மீ. துளை இடுவது வழக்கம். துளை விட்டத்திலிருந்து போல்ட் விட்டத்தைக் கழிக்கக் கிடைக்கும் 1 மி.மீ., ஒவ்வொரு தகட்டிலும் துளை மையம் அமையத்தக்க சிறு வட்டத்தின் விட்டம் ஆகும். அதாவது மையம் தன் சரியான இடத்திலிருந்து எத்திசையிலும் 0.5 மி.மீ. வரை விலகலாம். மேற்கண்ட 0.52 மி.மீ. பிழை இவ்வளவையும் தாண்டிவிடுவதால், துளையிடும் பொறி எவ்வளவு துல்லியமாக இயங்கினாலும் அந்தத் துளை ஏற்கத்தக்கதாகாது.

பொதுவான இடர்கள்

- தலைகீழ்த் தீர்வு: தொலைவுக் கட்டுப்பாடு கோட்டின் இருபுறமும் நிறைவேறக்கூடும். பெரிய அளவு மாற்றத்தின்போது துளை மறுபுறம் தாவலாம். ஆகவே அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பது நல்லது.
- விளிம்பைச் சார்தல்: வளைவிட்ட மூலை, சீவிய விளிம்பு போன்று பின்னர் மாறக்கூடியவற்றோடு துளையை இணைத்தால், அவை நீக்கப்படும்போது துளையின் பிடிமானமும் அறும். ஃப்ரீகேட் 1.0 பதிப்பில் இச்சிக்கல் பெரிதும் குறைக்கப்பட்டுள்ளது. எனினும் ஆதிப்புள்ளியையும் அடிப்படைத் தளங்களையும் சார்ந்திருப்பதே பாதுகாப்பானது.
- கோப்பு மாற்றம்: வெட்டும் பொறிக்கு அனுப்பப்படும் டிஎக்ஸ்எஃப் கோப்பில் பொதுவாகக் கோடுகளும் வட்டங்களும் மட்டுமே இருக்கும், உறவுகள் இரா. அக்கோப்பை மட்டும் சேமித்து மூல வரைவை இழந்தவர், அடுத்த அளவுத் தகட்டுக்கு முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

இவற்றையும் பார்க்க

- கணினி வழி வடிவமைப்பு
- பொறியியல் வரைபடம்
- ஃப்ரீகேட்
- ஏலக்காய்
- போடிநாயக்கனூர்