ஹான்வெல் கடையில் பிறந்த பெட்டி

முதலில் அது ஒரே பெட்டியாகத்தான் இருந்தது. 1965இல் தி ஹூ குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் இருந்த ஜிம் மார்ஷலின் கடைக்குப் போய், 12 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி வேண்டும் என்றார். கனம் தாங்காது, தூக்குபவர்கள் பாவம் என்று மார்ஷல் எச்சரித்தார். டவுன்ஷெண்ட் கேட்கவில்லை. பெட்டி போன கொஞ்ச நாளிலேயே, சாமான் தூக்கும் ஆட்களின் முறையீட்டோடு திரும்பி வந்தார். நடுவில் அறுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அறுத்தால் பெட்டியே பாழாகிவிடும். அதனால் நாலு நாலு ஸ்பீக்கராக இரண்டு பெட்டி செய்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, உச்சியில் 100 வாட் ஆம்ப்ளிஃபையரை, சுருக்கமாக ஆம்பை, உட்கார வைத்தார்கள். மொத்தம் ஆறடி உயரம். அரை நூற்றாண்டாக ராக் மேடைகளின் பின்சுவராக நிற்கும் ‘மார்ஷல் ஸ்டாக்’ அப்படித்தான் வந்தது.

இன்று கிதார் வாசிக்கும் பிள்ளைகள் பெரிய ஆம்பா, கைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் பெட்டியா என்று மணிக்கணக்கில் வாதாடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். கனம் என்ற பிரச்சினை அந்தப் பெட்டியோடு கூடவே பிறந்தது.

ஜிம் மார்ஷலுக்குக் கிதார் தொழில் அல்ல. சிறுவயதில் எலும்புக் காசநோயால் பல வருடங்கள் மாவுக்கட்டில் கிடந்தவர். பிறகு டிரம்ஸ் வாசித்தார், டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தார், சேர்த்த பணத்தில் 1960இல் அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் கடை போட்டார். லண்டன் தமிழர்களுக்கு அந்தச் சாலை அந்நியமானது இல்லை. ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போனால் ஹான்வெல். டிரம்ஸ் கற்க வந்தவர்களோடு அவர்களுடைய குழுவின் கிதார்காரர்களும் வந்தார்கள். டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்ற இளைஞர்கள் தங்களுக்கு ஏற்ற ஆம்ப் கிடைக்கவில்லை என்று அவரிடம் புலம்பினார்கள். அவர்கள் ஆசைப்பட்டது அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் ஆம்ப். இங்கிலாந்தில் அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

கடையில் ரிப்பேர் வேலை பார்த்த கென் பிரானும், இஎம்ஐ நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த டட்லி கிரேவன் என்ற பதினெட்டு வயதுப் பையனும் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் உள்வயரிங்கை அப்படியே பின்பற்றி 1962இல் ஒன்று செய்தார்கள். ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது. ஆறாவதில்தான் மார்ஷலுக்குத் திருப்தி. ஜிம், அவருடைய மகன் டெர்ரி இருவரின் பெயரெழுத்தையும் சேர்த்து ஜேடிஎம்45 என்று பெயர் வைத்தார்கள்.

வயரிங் நகல்தான், குரல் நகல் இல்லை. இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பேஸ்மேனில் முதுகு திறந்த பெட்டிக்குள் 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. இங்கே கைக்கெட்டியது 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர். ஒன்றிரண்டு வைத்தால் எரிந்துபோகும் என்பதால் நான்கு வைத்து, முதுகையும் மூடினார்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) மாறியது, டிரான்ஸ்ஃபார்மர் மாறியது. கிடைத்ததை வைத்துச் சமைத்த சமையலில் புது ருசி ஒன்று வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் பேஸ் கிதாருக்காகச் செய்த பதவிசான ஒலி, லண்டனில் மூர்க்கமாகவும் நெஞ்சில் கனமாகவும் ஒலித்தது.

வால்வு ஆம்பின் இயல்பு அதற்கு உதவியது. அளவுக்கு மேல் சிக்னல் கொடுத்தால் வால்வு அலையின் உச்சியை மழுக்கிவிடுகிறது. மழுங்கிய இடத்தில் மூல சுரத்தின் மேல் புதிய உபசுரங்கள் முளைக்கின்றன. பொறியாளர் கணக்கில் அது பிழை. டிஸ்டார்ஷன் என்று பெயர் சொல்லி, கிதார்காரர்கள் அந்தப் பிழையைக் காதலித்தார்கள். மெல்லத் தொட்டால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் கரகரப்பாகவும் விரலுக்கு விரல் பதில் சொல்கிற ஆம்ப், வாத்தியத்தின் இன்னொரு பாதியாகவே ஆகிவிட்டது. ஒரு சிக்கல்: வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பினால்தான் அது வரும். 1966இல் ப்ளூஸ் கலைஞர் ஜான் மேயாலின் இசைத்தட்டுக்கு வாசித்த எரிக் கிளாப்டன், ஸ்டூடியோவுக்குள்ளும் மேடைச் சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான். அவர் வாசித்த மார்ஷல், ஸ்டாக் அல்ல. காரின் பின்பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும் என்பதற்காக, ஆம்பையும் இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் அடக்கிய சின்ன வடிவம். அதில் பதிவான ஒலியை இன்றும் தேடி அலைகிறார்கள்.

பின்னே ஸ்டாக் ஏன் இவ்வளவு வளர்ந்தது? அன்றைய மேடை ஒலிபெருக்கி பாட்டுக்காரரின் மைக்குக்கு மட்டும்தான். கிதார் சத்தம் அரங்கின் கடைசி வரிசைவரை போக வேண்டுமானால் அதன் ஆம்பே தள்ளியாக வேண்டும். 1965இல் நியூயார்க் ஷே மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிக் கத்தியபோது, பீட்டில்ஸ் குழுவினர் வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்களோடு நின்றும் தங்கள் வாசிப்பே தங்களுக்குச் சரியாகக் கேட்காமல் திண்டாடினார்கள். அந்தக் காலத்தில் பெரிய பெட்டி ஆடம்பரம் இல்லை, தேவை. இத்தனைக்கும் வாட் கணக்கு நம்மை ஏமாற்றும். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். இருமடங்கு சத்தம் என்று காது உணர வாட் பத்து மடங்காக வேண்டும்.

சில வருடங்களில் நிலைமை மாறிவிட்டது. மேடை ஒலிபெருக்கிகள் பெரிதாயின. ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் மிக்சர் வழியாக மைதானம் முழுக்கக் கொண்டுபோகலாம் என்றாயிற்று. ஒரே ஒரு ஸ்பீக்கரின் முன்னால் ஒரே ஒரு மைக். மற்ற ஏழு ஸ்பீக்கரும் சபைக்கு அவசியமில்லை. ஆனாலும் பெட்டிகள் குறையவில்லை, கூடின. உள்ளே ஸ்பீக்கரே இல்லாத வெற்றுப் பெட்டிகளைக்கூட அழகுக்காகச் சுவர்போல் அடுக்கினார்கள். 1976இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ வாசித்தபோது 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவாகிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பின்னாளில் டவுன்ஷெண்ட் தன் காது கேட்கும் திறன் போனதையும் ஓயாத இரைச்சலையும் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டூடியோ ஹெட்ஃபோனையே அவர் அதிகம் குறை சொல்வார். எதனால் போனாலும், போன செவி திரும்புவதில்லை. பெருஞ்சத்தத்தை வீரமாகப் பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியாதது இதனால்தான்.

1975இல் மார்ஷல் நிறுவனமே மாஸ்டர் வால்யூம் என்ற குமிழைச் சேர்த்து, குறைந்த சத்தத்திலும் கரகரப்பு வர வழி செய்தது. பிறகு பெட்டியைப் பெட்டியில்லாமல் செய்கிற முயற்சிகள் தொடங்கின. 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப், வால்வு ஆம்பின் நடத்தையைப் பெடல் அளவுக்குள் அனலாகாகவே பிடித்தது. 1998இல் லைன் 6 நிறுவனம் அவரைவிதை வடிவத்தில் சிவப்பாக, பாட் என்ற கருவியை விற்றது. படுக்கையறையில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஸ்டாக் வாசிக்கலாம் என்பது எல்லோர் கைக்கும் வந்தது. 2006இல் ஃபிராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் ஜெர்மனியின் கெம்பர் என்று டிஜிட்டல் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. இன்று 2 கிலோவுக்குள் ஒரு பெட்டியில் நூறு ஆம்ப் அடங்குகிறது. ஸ்டாக்கோ மூன்று துண்டாகச் சேர்ந்து 90 கிலோவைத் தாண்டும்.

மெட்டாலிக்கா 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தபோது, பனிநிலத்தின் அமைதியைக் கலைக்கக் கூடாது என்று மேடையில் ஒலிபெருக்கியே வைக்கவில்லை. கூடாரத்துக்குள் கூடியிருந்த சுமார் 120 பேரும் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். அதற்காக ஆக்ஸ்-எஃப்எக்ஸைக் கையிலெடுத்த குழு, அடுத்தடுத்த பயணங்களிலும் அதையே வைத்துக்கொண்டது. பெருஞ்சத்தத்துக்கே பெயர்போனவர்கள் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். விமானச் சரக்குக் கட்டணம் குறைந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒலி கிடைத்தது. சபையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு எது ஸ்டாக், எது டிஜிட்டல் என்று பிரித்துச் சொல்வது இன்று மிகக் கடினம். என் கருத்தில், ஊர் ஊராகப் போய் வாசிக்கிற கலைஞருக்குச் சின்னப் பெட்டியே சரி.

ஆனால் வாசிக்கிறவருக்கு ஒரு வித்தியாசம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் ஒரு போட்டி மேடையில் முதன்முறையாக முழு ஸ்டாக்கின் முன்னால் நின்றேன். முதல் தந்தியைத் தொட்டதும் கால்சட்டைத் துணி அதிர்ந்தது. கையை எடுத்த பிறகும் சுரம் சாகவில்லை. பெட்டியிலிருந்து வந்த காற்று கிதாரின் மரத்தையும் தந்தியையும் மீண்டும் உலுக்கி, அந்தத் தந்தி மீண்டும் பெட்டியை ஊட்டி, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அரை அடி நகர்ந்தால் வேறு சுரம். உடம்பைத் திருப்பினால் நின்றுபோகும். 1969இல் உட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசியகீதத்தை வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், அந்த நீண்ட கதறல்களை இப்படித்தான் கையாண்டார். காதுக்குள் செருகிய இயர்ஃபோனில் ஒலி மட்டும் வரும். தந்தியைத் தொடும் காற்று வராது. சின்னப் பெட்டியைச் சிறிய ஸ்பீக்கரோடு இணைத்து அருகில் நின்றால் கொஞ்சம் மீட்கலாம். முழுதாக மீட்டவரை நான் பார்த்ததில்லை.

வால்வுக்கும் கஷ்டகாலம். ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியா என்று உலகில் ஒரு சில ஆலைகள்தான் செய்கின்றன; 2022இல் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது எங்கும் விலை ஏறியது. ஜிம் மார்ஷல் 2012இல் காலமானார். மில்டன் கீன்ஸின் பிளெட்ச்லி பகுதியில் அவருடைய ஆலை இன்னும் ஆம்ப் செய்கிறது. ஆனால் மார்ஷல் என்ற அந்த வெள்ளைக் கையெழுத்துப் பெயரைச் சென்னையில் பலர் பார்ப்பது, வரவேற்பறை அலமாரியில் இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரில்.

பழைய ஸ்டாக்குகளில் சில ஸ்டூடியோக்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கெம்பர் போன்ற கருவி ஓர் ஆம்பின் குரலைப் படியெடுக்க அந்த ஆம்ப் உயிரோடு வேண்டும். தடித்த கதவை மூடி, ஒரு ஸ்பீக்கரின் முன்னால் மைக்கை நிறுத்துவார்கள். ஸ்டாண்ட்பையில் வால்வு சூடேறும். பிறகு வால்யூமைத் திருப்ப வேண்டிய இடம்வரை திருப்பி, சின்னப் பெட்டியிலிருந்து ஒரு சிக்னலை அனுப்புவார்கள். சுவர் அதிர, சிறிது நேரம் விதவிதமான ஓசைகளைக் கத்திவிட்டு ஸ்டாக் ஓயும். வால்வுகள் ஆறுவதற்குள் சின்னப் பெட்டியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.