பெயரில்லாத கூட்டம்

பிரித்தானியர் காலத்து இலங்கைத் தபாலட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு பிளாட்டே நிறுவனத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1890 இல் கொழும்பில் தொடங்கிய அப்புகைப்பட நிலையம் கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை பரப்பியது. யானைகள், விகாரைகள், தென்னந்தோப்புகளோடு அது அச்சிட்டு விற்ற இன்னொரு காட்சி, தேயிலைத் தோட்டத்துத் தமிழர் கூட்டம்.

அத்தகைய அட்டைகளில் நான் முதலில் பார்ப்பது ஓரங்களைத்தான். கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி நடுவே நிற்கும் பெண்கள், படம்பிடிக்க வந்தவர் சொல்லி நின்றவர்கள். அந்த விறைப்பே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓரங்களில் வேறு கதை. கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி நிற்பார். தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். பிரட்டுக்களத்தின் அன்றாடத்தை யாரும் திட்டமிடாமலே அச்சு காப்பாற்றித் தந்திருக்கிறது. இதற்காக அந்தப் படப்பிடிப்பாளர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கீழே இருப்பது ஒரே வரி: 'தேயிலை கொய்வோர், இலங்கை'. இந்த வழக்கம் பிளாட்டேக்கு முந்தியது. 1875 இல் இலங்கைக்கு வந்த புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூன், இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் பெயர் சொல்லிப் படம்பிடித்தவர். இங்கே அவர் எடுத்த உழைப்பாளர் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கள் இல்லை. 1879 இல் மறைந்த அவர், ஹற்றனை அடுத்த பொகவந்தலாவையில் துயில்கிறார். அவர் கல்லறைக்குப் பெயர் உண்டு.

தோட்டத்தில் பெயர் எழுதப்படாமல் இல்லை. செக்றோலில் நாள்தோறும் எழுதினார்கள். அது சம்பளக் கணக்குக்கு. 1948 இன் குடியுரிமைச் சட்டம் கேட்டது வேறு கடதாசி. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கப் பிறப்புப் பதிவு பலரிடம் இருக்கவில்லை. தபாலட்டையில் உலகைச் சுற்றிவந்த முகங்களின் பேரப்பிள்ளைகள் தம் மண்ணில் நாடற்றவர்களானார்கள்.

பிறகு நடந்தது எண்ணிக்கைப் பேரம். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை இலட்சம் பேரின் கதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் கொழும்புப் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது ஆண்டு 2003.