தவத்தின் இடையே

நெடுஞ்சடங்கில் அமர்ந்தவர் இடையில் வேறு செயல் செய்யலாமா? 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிப்படி, மந்திரம் ஓதுபவர் நடக்கலாம், பேசலாம். அம்பு எய்யப் புகுந்தால் மந்திரம் கலையும். வான்மீகியின் இந்திரசித்துக்கு நேர்ந்ததும் இதுவே. நிகும்பலை வேள்வியைப் பாதியில் விட்டுப் போருக்கு எழுந்தான், மாண்டான்.

அருச்சுனனோ தவத்தினிடையே பன்றியாய் வந்த மூகாசுரன்மேல் கணை தொடுத்தான். வேடனாய் வந்த சிவனோடு மல்லும் புரிந்தான். ஆயினும் பாசுபதம் பெற்றான். எதிர்த்து நின்றவனே அவன் தேடிய இறைவன் அல்லவா!

ஏலகிரியைச் சூழ்ந்த பழைய வடஆர்க்காட்டு நிலப்பகுதியில், திரௌபதியம்மன் விழாக்களின் பாரதக்கூத்தில் 'அருச்சுனன் தபசு' நிகழ்கிறது. வேடம் புனைந்த கூத்தர் நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாய் ஏறுகிறார். நெடுநேரம் பிடிக்கும், கீழே நிற்கும் நமக்குத்தான் கழுத்து வலிக்கும். உச்சியிலிருந்து எலுமிச்சை, பூ, திருநீறு ஆகியவற்றை வீசுகிறார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்கின்றனர். பாசுபதம் அருச்சுனனுக்கு, தவம் முடியுமுன் விழும் அந்த எலுமிச்சைக்காகவே அவர்கள் வந்திருக்கிறார்கள்.