பித்த நிறமிகள்

பித்தநீருக்கு நிறம் தரும் சேர்மங்கள். பிலிருபின் மஞ்சள், பிலிவெர்டின் பச்சை; இரண்டும் சிவப்பணுக்களின் சிதைவில் பிறப்பவை.

பால்மரக் காட்டில் இடறி விழுந்தவரின் முழங்காலே இந்த வேதியியலில் பாதியைக் காட்டிவிடும். கருநீலமாகக் கன்றிய இடம் சில நாளில் பச்சையோடி, பிறகு மஞ்சளித்து மறையும். தோலுக்கடியில் தேங்கிய இரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீம், முதலில் பிலிவெர்டினாகவும் பின் பிலிருபினாகவும் மாறுகிறது.

காயமே படாதவர் உடலிலும் இது அன்றாடம் நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூத்த அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உண்கின்றன. ஹீம் ஆக்சிஜனேஸ் என்னும் நொதி ஹீம் வளையத்தை அறுக்க, இரும்பு மீள்கிறது; சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் வெளிப்படுகிறது. இப்படிப் பெரியவர் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிருபின் உருவாகிறது. நீரில் கரையாத அதை இரத்தப் புரதமான ஆல்புமின் கல்லீரலுக்குச் சுமந்து செல்ல, அங்கே குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து கரையும் தன்மை பெற்றுக் குடலில் இறங்குகிறது. மலத்தின் பழுப்பு நிறம் இதன் மிச்சம். பித்தநாளம் அடைபட்டால் மலம் வெளிறும், சிறுநீர் கறுக்கும். சித்த வைத்தியர் இரண்டையும் பார்த்து நோய் கணித்தது வீணில்லை.

பறவைகள் பச்சை நிறமியை அப்படியே கழித்துவிடுகின்றன. நாம் ஏன் மெனக்கெட்டு அதைக் கரையாத மஞ்சளாக்குகிறோம்? ஆக்சிஜனேற்றச் சேதத்தைப் பிலிருபின் தடுக்கிறது என்று 1987இல் ஸ்டாக்கர் குழுவினர் காட்டினர். விடையில் ஒரு பகுதிதான் அது.

பழைய இரத்தக் கசிவுகளில் பிலிருபினின் படிகங்களை விர்ச்சோ 1847இல் விவரித்தார். பிலிருபின் என்ற பெயர் 1864இல் ஷ்டேடெலர் இட்டது. ஹான்ஸ் ஃபிஷர் 1942இல் அதைச் செயற்கையாக உருவாக்கினார். ஹீம் ஆக்சிஜனேஸ் 1968இல்தான் அடையாளம் காணப்பட்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த நிறமி அறிமுகமாவது பெரும்பாலும் பிள்ளை பிறந்த வாரத்தில். வீட்டுக்கு வரும் தாதி குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடத்தில் மஞ்சள் தெரியும். முதிராத கல்லீரல் ஒரு காரணம். ஜி6பிடி நொதிக் குறைபாடு இன்னொன்று. மலேரியா ஆண்ட நிலங்களில் இது அதிகம். மலேசியாவில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதித்துவிடுகிறார்கள். குறைபாடுள்ள பிள்ளையின் துணியருகே அந்துருண்டை ஆகாது: நாப்தலீன் அதன் சிவப்பணுக்களை உடைக்கும்.

காலை வெயில் காட்டும் பழக்கம் மூடநம்பிக்கை அல்ல. வெயில் பட்ட குழந்தையின் மஞ்சள் குறைந்ததை 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனைத் தாதி வார்ட் கவனித்தார். அங்கிருந்துதான் 1958இல் நீல ஒளிச் சிகிச்சை வந்தது. ஆனால் வெயிலுக்கு அளவு கிடையாது. பேராக் வெயில் பச்சைக் குழந்தையைச் சுட்டு வாட்டிவிடும். மிஞ்சிய பிலிருபின் மூளையில் படிந்தால் செவித்திறனும் போகலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால்வரை இறங்கினாலோ, வெயிலை நம்பாமல் அன்றே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள்.