தகரத்தில் கடுகளவு ஓட்டை

நம் திருவரங்குளம் வட்டாரத்துக்கு இரும்பு புதிதல்ல. பக்கத்தில் உள்ள பொற்பனைக்கோட்டையில் 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-ல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. அங்கே பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தடயங்கள் இருப்பதைப் பலரும் படித்திருப்பீர்கள். இரும்பு பிறந்த அன்றே துருவும் கூடப் பிறந்துவிட்டது. ஆனால் அந்தக் கால இரும்பு கனமானது. கொழுவும் அரிவாளும் துருப்பிடித்தால் தேயும். சாமானில் ஓட்டை விழும் தொல்லை, மெல்லிய தகடு வீட்டுக்குள் வந்த பிறகுதான் பெருகியது.

நாம் தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதை ‘ஃபேர் பிளான்’ என்பார்கள். வெள்ளை இரும்பு என்று பொருள். செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது கோல்வா நாட்டாரின் கண்டுபிடிப்பு என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். எங்கள் சரித்திரப் பாடத்தில் கோல்வா மக்களுக்குத்தான் முதலிடம். சோழர்களைப் பற்றி நான் வெளியில்தான் தெரிந்துகொண்டேன்! இரும்பில் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-ல் காப்புரிமை வாங்கியவரும் பிரெஞ்சுக்காரர்தான், சோரல் என்ற பொறியாளர். நம் வீட்டு நாகத்தகட்டு வாளி அந்த வழியில் வந்தது.

இரண்டு பூச்சுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயப் பூச்சில் கீறல் விழுந்தால், ஈரம் பட்டதும் இரும்புதான் முதலில் அரிக்கப்படும். அதனால்தான் மேலே பளபளவென்று இருக்கும் மண்ணெண்ணெய் டின்னில் அடிப்பக்கம் திடீரென்று ஊசித்துளை விழுகிறது.

அக்காலத்தில் ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியும் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வருவார். பித்தளைக்கு ஈயம் பூசுவார். தகரத்துக்குப் பத்து வைப்பார். முதலில் ஓட்டையைச் சுற்றி ஊசியால் குத்திப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை கடுகளவுதான், சுற்றிலும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகடு பப்படம் போல ஆகியிருக்கும். நல்ல தகடு வரும்வரை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவார். வேறொரு டின்னிலிருந்து முனை மழுங்க வெட்டிய துண்டை வைத்து, நவச்சாரம் தடவி, காய்ச்சிய செம்புக்கோலால் ஈயத்தை ஓரமெங்கும் ஓடவிடுவார். பிறகு நன்றாகக் கழுவித் துடைப்பார். நவச்சாரம் மிஞ்சினால் பத்துக்குள்ளேயே மறுபடி துரு பிடிக்கும்.

வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகட்டில் வெல்டிங் நெருப்பு பட்டால் ஓட்டை பெரிதாகும். வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே உருகும். காரீயம் கலந்தால் 183 டிகிரியே போதும். அந்தச் சூட்டில் தகடு பத்திரமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: காரீயம் நஞ்சு. அந்தப் பத்து பெட்டிக்கும் கூரைத் தகட்டுக்கும் ஆகும். குடிநீர், சமையல் சாமானுக்கு ஆகாது.

கடுகளவு ஓட்டைக்கு இவ்வளவு பேச்சா? நான் எழுத்தராக வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பழைய ஆவணங்கள் தகரப் பெட்டிகளில் சிமெண்ட் தரையில் கிடந்தன. ஒரு பெட்டியின் அடியில் துரு ஓட்டை. அதன் வழியாகக் கரையான் ஏறி, அடிக்கட்டு முழுவதையும் மண்ணாக்கிவிட்டது. கணவர் பெயரில் இருந்த நிலத்துக்கு நகல் கேட்டு வந்த ஒரு வயதான அம்மா, பல மாதம் நடையாய் நடந்தார். அவர் கேட்ட தாள் இருந்தது அந்தக் கட்டில்தான். பத்து வைக்க அன்றைக்கு ஆகியிருக்கும் செலவு சில ரூபாய்.

நம் வயதுக்காரர் வீட்டில் பரண்மேலோ கட்டிலடியிலோ ஒரு டிரங்குப்பெட்டி நிச்சயம் இருக்கும். பத்திரம், பட்டா, பென்ஷன் புத்தகம், கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான். ஐப்பசி மழைக்கு முன் அதைக் காலிசெய்து வெயிலில் கவிழ்த்து, உள்ளே தலையை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அதுதான் ஓட்டை. பத்து வைக்க ஆள் கிடைக்காவிட்டால், துருவைச் சுரண்டி, தகரத் துண்டை எம்-சீல் வைத்து ஒட்டி, ரெட் ஆக்சைடு பூசுங்கள்; பெட்டிக்கு அது போதும். பெட்டியைத் தரையில் வைக்காமல், நான்கு செங்கல் மேல் வையுங்கள்.