‘வெறும் கேஸ்தான்’னு விடாதீங்க... வயிற்றுப் புற்றுநோய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாக்டீரியா!

காலையில் பல் தேய்த்த கையோடு, வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. அது உள்ளே போனால்தான் காபி. உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ இப்படி இருக்கலாம். எத்தனை வருஷமா போடுறீங்கன்னு கேட்டுப்பாருங்க. ‘டாக்டர் எப்பவோ எழுதிக் கொடுத்தது, அப்படியே போட்டுட்டு இருக்கேன்’ என்பார்கள். டாக்டர் சொன்னது சில வாரங்களுக்கு. இவர்கள் போடுவது சில வருஷங்களாக!

அந்த எரிச்சல் பெரும்பாலும் சாதாரண அசிடிட்டிதான், பதற வேண்டாம். ஆனால், அது ஏன் வருகிறது என்று ஒரு தடவையாவது பார்த்தாச்சா? ஏன் கேட்கிறோம் என்றால், வயிற்றுப் புற்றுநோயைப் பற்றிச் சமீபத்தில் வந்த பெரிய ஆய்வுகளில் பல, சுற்றிச் சுற்றி ஒரே குற்றவாளியிடம்தான் வந்து நிற்கின்றன. ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’. இரைப்பையில் குடியிருக்கும் சுருள் வடிவ பாக்டீரியா. சுருக்கமாக எச்.பைலோரி.

2025 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. இப்போதைய நிலையே தொடர்ந்தால், 2008 முதல் 2017 வரை பிறந்தவர்களில் உலகம் முழுக்க சுமார் 1.56 கோடிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வயிற்றுப் புற்றுநோய் வரும். அதில் 76 சதவிகிதம் எச்.பைலோரியால். இந்தியாவும் சீனாவும் சேர்ந்து மட்டும் சுமார் 65 லட்சம். உங்க தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளைங்க வயசுப் பசங்க இவங்க. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கிருமியைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால், இதில் முக்கால்வாசி வரைக்கும் தடுத்துவிடலாம்.

கிருமியைக் குடித்த டாக்டர்

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவ உலகம் ரொம்ப நாள் நம்பியது. அல்சர் வந்தால் டென்ஷன், காரம், பட்டினி என்று காரணம் சொன்னார்கள். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் சுருள் சுருளாக பாக்டீரியாவைப் பார்த்தார். பிறகு பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். லேபில் அதை வளர்க்கப் பார்த்தால் வளரவே இல்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கிப்போடும் தட்டுகளை ஆட்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். லீவு முடிந்து வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது!

அப்பவும் யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் இரைப்பை அழற்சி. (தயவுசெய்து யாரும் முயற்சி செய்யாதீர்கள்!) 1994-ல் எச்.பைலோரி முதல் நிலைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவிக்கப்பட்டது. அதாவது புகையிலை இருக்கும் அதே பட்டியலில். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றும் ஒரு நொதியை அது சுரக்கிறது. அந்த அம்மோனியா, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். பிறகு சளிப்படலத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டு ஆட்களிடமிருந்தே தொற்றுகிறது. எச்சில், வாந்தி, சுத்தமில்லாத தண்ணீர் என்று வழிகள் பல. வந்தால் தானாகப் போவது அபூர்வம்.

பிறகு நடப்பது ஸ்லோமோஷன் படம். முதலில் அழற்சி, அடுத்து அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலிவது, அதற்கடுத்து இரைப்பையின் உள்தோல் குடலின் தோல் மாதிரி மாறிப்போவது, கடைசியில் செல்கள் கட்டுப்பாடு இழப்பது. பெலாயோ கொரேயா என்ற கொலம்பிய மருத்துவர் வரைந்து காட்டிய இந்தப் படிக்கட்டில் இறங்க, பல பத்தாண்டுகள் ஆகும். இவ்வளவு நீளமான அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்தைத்தான் நாம் கேஸ் மாத்திரையோடு கழித்துவிடுகிறோம்.

அப்போ எல்லோருக்கும் வருமா?

வராது. கிருமி இருப்பவர்களில் புற்றுநோய் வரைக்கும் போகிறவர்கள் 1 முதல் 3 சதவிகிதம்தான். இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. ஆனால் ஜப்பான், கொரியா அளவுக்கு இங்கே வயிற்றுப் புற்றுநோய் இல்லை. இதை ‘இந்தியப் புதிர்’ என்றே மருத்துவர்கள் சொல்வது உண்டு.

இந்தப் புதிருக்கு ஒரு துப்பு, தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் கிடைத்தது. நரின்யோ மாநிலத்தில் மலைமேல் துக்கெரெஸ் என்ற ஊர். அதே மாநிலத்தின் கடலோரத்தில் துமாக்கோ. இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எச்.பைலோரி உண்டு. ஆனால் மலையூரில் வயிற்றுப் புற்றுநோய் சுமார் 25 மடங்கு அதிகம்! 2014-ல் வெளியான மரபணு ஆய்வு இப்படிச் சொன்னது. கடலோரத்தில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். அவர்கள் வயிற்றில் இருக்கும் கிருமிக்கும் ஆப்பிரிக்கப் பூர்விகம் உண்டு. பல்லாயிரம் வருடம் பழகிய ஜோடி. மலைமேல் இருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பூர்வகுடி வம்சம். வயிற்றில் இருப்பதோ வெளியிலிருந்து வந்த கிருமி. ஒத்துப்போகாத குடித்தனக்காரர் மாதிரி, சேதம் அதிகம். கிருமியின் ரகமும் முக்கியம். சில ரகங்கள், ‘காக்-ஏ’ என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல நம் செல்லுக்குள் ஏற்றிவிடும். கிழக்காசிய ரகங்களில் இருக்கும் காக்-ஏ இன்னும் வீரியமானது.

இதோடு நாம் சாப்பிடுவதும் சேர்கிறது. இந்தியாவிலேயே வயிற்றுப் புற்றுநோய் அதிகம் மிசோரமில். புகை போட்டுப் பதப்படுத்திய இறைச்சி, உப்புப் போட்டு உலர்த்திய மீன், ‘துய்பூர்’ எனப்படும் புகையிலைப் புகை ஏற்றிய தண்ணீர் ஆகியவற்றை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நம் ஊரும் இளைத்ததல்ல. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பதிவேட்டைப் பார்த்தால், ஒரு காலத்தில் சென்னை ஆண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் வயிற்றுக்குத்தான். பிறகு மெல்லக் குறைந்தது. பல நாடுகளில் இந்த நோய் குறைந்ததற்கு, ஃபிரிட்ஜும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. உப்பில் ஊறவைத்துப் பாதுகாக்கும் தேவை குறைந்துபோனதால்!

அதற்காகக் கருவாட்டையும் ஊறுகாயையும் வில்லனாக்க வேண்டியதில்லை. தினமும் மூன்று வேளையும் தட்டில் இருந்தால்தான் யோசிக்கணும். உப்புக்கு எதிராக இருக்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் மிளகாய்க்கு எதிராக இல்லை, ஆந்திரா மீல்ஸ் ரசிகர்கள் நிம்மதி அடையலாம். சிகரெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கிருமியைக் கொன்றால் பலன் உண்டா?

நியாயமான கேள்வி. தைவானின் மாட்சு தீவுகளில் 2004-லிருந்து ஊரையே பரிசோதித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். வயிற்றுப் புற்றுநோய் 53 சதவிகிதம் குறைந்தது. சீனாவின் லின்ச்சூ மாவட்டத்தில் 1,80,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. அங்கே சுமார் 12 வருடத்தில் 14 சதவிகிதம்தான் குறைவு. இரண்டு எண்ணுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும். மாட்சுவில் எண்டோஸ்கோப்பியும் தொடர் கண்காணிப்பும் இருந்தன. மாத்திரை மட்டும் மந்திரம் அல்ல.

அதிகம் கவனிக்க வேண்டியது, 2020-ல் வந்த கொரிய ஆய்வு. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ வயிற்றுப் புற்றுநோய் இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 9 வருடத்தில், கிருமி ஒழிந்தவர்களில் 0.8 சதவிகிதம் பேருக்கும், ஒழியாதவர்களில் 2.9 சதவிகிதம் பேருக்கும் நோய் வந்தது. பரம்பரை என்று கைவிரிக்கத் தேவையில்லை என்பது இதில் தெரிகிறது. 2023-ல் வந்த ஜப்பானிய ஆய்வும் இதே பக்கம்தான். பி.ஆர்.சி.ஏ போன்ற மரபணுக்களில் கோளாறு இருந்து, எச்.பைலோரியும் இருந்தால், 85 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 45.5 சதவிகிதம், கிருமி மட்டும் இருந்தால் 14.4.

வந்துவிட்டால்?

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே உள்தோலைச் சீவி எடுத்துவிடலாம். கொஞ்சம் முற்றியிருந்தால் அறுவை சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னும் ‘ஃப்ளாட்’ என்ற நான்கு மருந்துக் கீமோ. அதோடு டர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்து 948 பேரிடம் பார்த்த ஆய்வு 2025-ல் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகும் நோய் முற்றாமல், திரும்பாமல் இருந்தவர்கள் 67.4 சதவிகிதம், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 58.5. பரவிய நிலையில், கட்டியின் அடையாளம் பார்த்து மருந்து தருகிறார்கள். ஹெர்-2 இருந்தால் ஒன்று, க்ளாடின் 18.2 இருந்தால் ஜோல்பெடுக்சிமாப் என்ற புதிய மருந்து; 2024-ல் ஜப்பான்தான் இதற்கு முதலில் அனுமதி தந்தது. விலை மலைக்க வைக்கும். ஆனாலும் வீட்டில் யாருக்காவது இந்த நிலை என்றால், ‘பயாப்ஸியில் இந்த டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சா டாக்டர்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். மருந்து அதைப் பொறுத்துதான்.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்

சும்மாவே எடை குறைவது, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை, விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் அஜீரணம். இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் நேராக இரைப்பை குடல் மருத்துவரிடம் போங்கள். எண்டோஸ்கோப்பி என்றதும் பயப்படுவார்கள், கூடவே போங்கள். சில நிமிட வேலை. கேஸ் மாத்திரையில் சில நாள் நல்லாயிடுச்சு என்பதை நம்பாதீர்கள். அந்த மாத்திரை, ஆரம்ப நிலைப் புற்றுப் புண்ணைக்கூடக் கொஞ்ச நாள் ஆறவைத்து ஏமாற்றிவிடும்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் அல்சர் வந்திருக்கிறது, அல்லது ரத்த உறவில் யாருக்கோ இந்த நோய் இருந்திருக்கிறது என்றால், எச்.பைலோரி டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஊதும் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் நல்லவை. இவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று காட்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துவது நல்லது.

கிருமி இருந்தால், பெரும்பாலும் 14 நாள் கோர்ஸ். ஒரே நேரத்தில் மூன்று நான்கு மருந்து, வாயில் இரும்பு ருசி, பிஸ்மத் இருந்தால் மலம் கறுப்பாகப் போகும். இது மருந்தால் வருவது. ஆறாம் நாளே ‘சரியாயிடுச்சு’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்படி நிறுத்தினால் பிழைத்த கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஏற்கெனவே கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பல ஊர்களில் சரியாக வேலை செய்வதில்லை. யாரோ ஒருவரின் மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி மெடிக்கலில் காட்டும் வேலையும் வேண்டாம்.

கோர்ஸ் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி ஊதும் டெஸ்ட்டோ மல டெஸ்ட்டோ எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் பல மாதங்களுக்கு அது ‘பாசிட்டிவ்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும்.